உடல் நிறம், உயிர்க்கடிகாரம், முதுமை: ஆறு மாதத்தில் எதை அளக்க முடியும்?

குன்றக்குடி கதிர்
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் முதுகலை விலங்கியல் கடைசி வருடம். உயிர்க்கடிகாரம் (உடலுக்குள் ஓடும் 24 மணி நேரத் தாளம்), தோல் நிறமி, மூப்பு மூன்றையும் சேர்த்து ஓர் ஆய்வு செய்யணும். டிசம்பரில் தொடங்கி மே மாதம் அறிக்கை கொடுக்கணும். துறையில் குளிரூட்டும் இன்குபேட்டர் ஒன்று, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கு. பக்கத்துத் துறையில் கேட்டால் செல் வளர்ப்பு அறையும் கிடைக்கும். இப்போதைய யோசனை இதுதான்: பி16 சுண்டெலி மெலனோமா (நிறமிச் செல் புற்று) செல்லில் மெலட்டோனின் என்ற இரவு ஹார்மோனைச் சேர்த்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் கறுப்பு நிறமியான மெலனினை அளந்து, 24 மணி நேர ஏற்ற இறக்கம் தெரியுதான்னு பார்க்கிறது. இது சரியா வருமா?

செல் அறை
வராது தம்பி. மெலனின் ஒரு சேமிப்புப் பொருள். செல்லுக்குள் உருவானால் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். உற்பத்தி காலையில் கூடி மாலையில் குறைந்தாலும், மொத்த மெலனின் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். 24 மணி நேர அலை அதற்குள் மூழ்கிவிடும். அலையைப் பார்க்கணும்னா மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதி, அதை இயக்கும் மிட்ஃப் புரதம் ஆகியவற்றின் ஆர்என்ஏ அளவைப் பார்க்கணும். அதற்கு ஆர்என்ஏவை அளக்கும் ஆர்டி-பிசிஆர் முறை வேணும். மெலனின் கலந்த ஆர்என்ஏ மாதிரி பிசிஆரைத் தடுக்கும், அதனால் சுத்திகரிப்பில் கூடுதலாக ஒரு படி வேணும். இதற்கே இரண்டு மாதம் போகும்.

அடுத்த சிக்கல் ஒருங்கிணைப்பு. தட்டில் உள்ள லட்சக்கணக்கான செல்களின் கடிகாரங்களும் ஆளுக்கொரு நேரத்தில் ஓடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர 50 சதவீதக் குதிரைச் சீரத்தில் 2 மணி நேரம் வைக்கலாம், இல்லையென்றால் 100 நானோமோலார் டெக்சாமெத்தசோன் கொடுக்கலாம். பலர் ஃபோர்ஸ்கோலின் போடுவார்கள். நிறமி ஆய்வில் அதைத் தொடவே கூடாது. அது செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும், அது மிட்ஃபை ஏற்றும், அது டைரோசினேஸை ஏற்றும். கடிகாரத்தைத் திருப்பப் போட்ட மருந்தே செல்லைக் கறுப்பாக்கிவிடும். எதை வைத்துச் செய்தாலும், வெறுமனே ஊடகத்தை மாற்றுவதுகூடக் கடிகாரத்தைத் தள்ளும். கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே நிமிடத்தில் ஊடகம் மாற்றணும்.

ஊடகத்திலும் கவனம் வேணும். டிஎம்இஎம், ஆர்பிஎம்ஐ இரண்டும் வழக்கமான வளர்ப்பு ஊடகங்கள். டிஎம்இஎம்மில் உள்ள டைரோசின், ஆர்பிஎம்ஐயில் உள்ளதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். டைரோசின்தான் மெலனினின் மூலப்பொருள். ஒரு வாரம் இது, அடுத்த வாரம் அது என்று மாற்றினால் உங்கள் வரைபடம் ஊடகத்தின் வரைபடம்தான்.

தோல் மருத்துவம் தேவகோட்டை
மெலட்டோனினைப் பற்றி ஒரு விளக்கம். 1917இல் மெக்கார்டும் ஆலனும் பீனியல் சுரப்பிச் சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தோல் வெளுத்தது. அந்தப் பொருளைத்தான் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் பிரித்தெடுத்தார். அவர் தோல் மருத்துவர். நிறமி நோய்களுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். தவளைத் தோலை வெளுக்கச் செய்த அதே பொருள் மனிதத் தோலில் அந்த வேலையைச் செய்யவில்லை. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. தவளையின் நிறமிச் செல், மெலனின் துகள்களைத் தன் நடுவில் குவிக்கும், மறுபடி விரிக்கும். சில நிமிடங்களில் நிறம் மாறும். நம் நிறமிச் செல்லான மெலனோசைட் தன் துகள்களைப் பக்கத்துத் தோல் செல்களான கெரட்டினோசைட்டுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததைத் திரும்ப இழுக்க அதற்கு வழியில்லை.

அதனால் மெலட்டோனின் சேர்த்து மெலனினை அளக்கும் திட்டத்தில் எதிர்பார்க்க அதிகம் இல்லை. மனிதத் தோலில் கடிகாரத்துக்கும் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு வேறு வழியில் கிடைத்தது. 2015இல் வந்த ஆய்வில், மனித மயிர்க்கால்களை வளர்ப்பூடகத்தில் வைத்து பிமால்1, பர்1 என்ற கடிகார மரபணுக்களை அடக்கியபோது மெலனின் கூடியது. அதாவது கடிகாரம் அங்கே உற்பத்தியைப் பிடித்து நிறுத்தும் பக்கம் இருக்கிறது.

ஈக்கூடு
கதிர், பழ ஈயில் செய்யுங்க. மூன்றையும் ஒரே மரபணுவில் தொடலாம். எபோனி.

எபோனி திரிபு ஈயின் உடல் கறுப்பாக இருக்கும். சாதாரண ஈயில் எபோனி நொதி டோபமைனோடு பீட்டா அலனைனைச் சேர்க்கும். அதிலிருந்து மஞ்சள் பழுப்புத் தோல் உருவாகும். நொதி இல்லாவிட்டால் டோபமைன் முழுக்கக் கறுப்பு மெலனின் பக்கம் போகும். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கு. பலரும் கவனிக்காத விஷயம், இதே நொதி மூளையின் கிளியா (நரம்புத் துணை) செல்களில் கடிகாரத்தின் கட்டுப்பாட்டில் உருவாகுது என்பது. எபோனி ஈக்களைத் தொடர் இருட்டில் வைத்தால் நடமாட்டத் தாளம் குலையும். கோனோப்காவும் பென்சரும் 1971இல் பீரியட் மரபணுவைக் கண்டது ஈயில்தான். 19 மணி நேர நாள், 28 மணி நேர நாள், தாளமே இல்லாதது என்று மூன்று திரிபுகள். 2017 நோபல் பரிசு அந்த வழியில் வந்தது. ஆகக் கருவிகளும் முறைகளும் தெளிவாக வகுக்கப்பட்ட பாதை இது. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக 10 நாள், ஆயுள் இரண்டு, இரண்டரை மாதம். உங்க ஆறு மாதத்துக்குள் அடங்கும்.

ஈயின் தோலுக்கே தனிக் கடிகாரம் இருக்கு. இளம் ஈயின் கியூட்டிகிள் (வெளிக்கூடு) நாளுக்கு ஓர் அடுக்காகப் படியும், மரத்தின் வளையம் மாதிரி. 2008இல் ஜப்பானியர் குழு ஒன்று அந்த அடுக்குகளை மேல்தோல் செல்லின் சொந்தக் கடிகாரம்தான் நடத்துதுன்னு காட்டியது.

ஒரு எச்சரிக்கை. எபோனிக்குப் பார்வையிலும் குறை உண்டு. கண்ணிலிருந்து மூளைக்குச் சேதி கடத்தும் ஹிஸ்டமினை மறுசுழற்சி செய்யவும் இதே நொதி வேணும். அதனால் ஒளி-இருள் சுழற்சியில் வித்தியாசம் தெரிந்தால் அது கடிகாரக் கோளாறா, பார்வைக் கோளாறான்னு பிரிக்க முடியாது. முடிவைத் தொடர் இருட்டில் எடுத்த பதிவிலிருந்து மட்டும் சொல்லுங்க.

குன்றக்குடி கதிர்
ரொம்ப நன்றிங்க. எபோனி ஈயும் காட்டு வகை (திரிபு இல்லாத சாதாரண) ஈயும் எங்கே கிடைக்கும்? உணவுக்கு என்ன அளவு? நேரடியாக இரண்டு வகையையும் ஒப்பிட்டால் போதுமா?

ஈக்கூடு
மைசூர் பல்கலைக்கழகத்தின் டிரோசோபிலா இருப்பு மையத்தில் கடிதம் கொடுத்துக் கேளுங்க. அவர்களுடைய உணவு முறையே நம்ம ஊர்க் கடையில் கிடைக்கும் பொருளில் ஆனது: தண்ணீர் 1 லிட்டர், வெல்லம் 100 கிராம், ரவை 100 கிராம், அகர் 8 கிராம், ப்ரோப்பியோனிக் அமிலம் 7.5 மில்லி. அமிலத்தை அடுப்பிலிருந்து இறக்கி, 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு ஊற்றணும். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போகும், மூன்றாம் நாள் பூஞ்சை. ஆயுள் கணக்கிடும் ஆய்வென்றால் வெல்லம் முழுவதையும் ஒரே மூட்டையிலிருந்து எடுங்க. வெல்லத்தின் தன்மை ஆலைக்கு ஆலை மாறும். உணவு மாறினால் ஆயுள் மாறும்.

நேரடி ஒப்பீடு போதாது. இரண்டு கொடிவழியும் பல வருடம் தனித்தனியே வளர்ந்தவை, எபோனி தவிர நூறு வேறுபாடு இருக்கும். முறையாகச் செய்தால் ஆறு சுற்று பின்கலப்பு (திரும்பத் திரும்பக் காட்டு வகையோடு கலப்பது) வேணும். எபோனி ஒடுங்கு பண்பு, அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தலைமுறை. உங்களுக்கு நேரம் கிடையாது. இப்படிச் செய்யுங்க. எபோனி ஆண், காட்டு வகைக் கன்னிப் பெண் (இன்னும் இணையாத பெண் ஈ) கலப்பு. முதல் தலைமுறையைத் தங்களுக்குள் இணைய விடுங்க. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்று கறுப்பு. அதே பாட்டிலிலிருந்து வந்த கறுப்பையும் கறுப்பல்லாத உடன்பிறப்பையும் ஒப்பிடுங்க. பின்னணி இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி கலங்கியிருக்கும். கறுப்பல்லாதவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கலப்பு மரபணு கொண்டவை என்பதை அறிக்கையில் எழுதணும். எபோனிக்குப் பக்கத்தில் அதே குரோமோசோமில் இருப்பவை கூடவே ஒட்டி வரும், அதையும் எழுதணும். ஆண் ஈயில் குரோமோசோம் குறுக்குக் கலப்பு நடக்காது. கலைவதெல்லாம் முதல் தலைமுறைப் பெண்ணில்தான்.

கன்னிப் பெண் பிரிக்க: 25 டிகிரியில் பெண் ஈ வெளிவந்து 8 மணி நேரத்துக்குள் எடுத்துவிடணும். ஈக்கள் பெரும்பாலும் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தை ஒட்டி வெளிவரும். விளக்கு காலை 8 மணிக்கு எரியும்படி வைத்தால், 8 மணிக்குப் பாட்டிலை முழுக்கக் காலி செய்துவிட்டு, 11 மணிக்கும் 3 மணிக்கும் சேகரியுங்க.

செல் அறை
நிறத்தை எப்படி அளப்பதாக உத்தேசம்? கறுப்பு, கறுப்பில்லை என்று எழுதினால் அது அளவு ஆகாது.

ஈக்கூடு
படம் எடுத்துச் சாம்பல் அளவு. மார்பின் மேற்பக்கம், ஒரே உருப்பெருக்கம், ஒரே விளக்கு, கேமராவின் தானியங்கி வெளிச்சத் திருத்தம் அணைத்திருக்கணும். கூடவே ஒரு சாம்பல் அட்டையும் படத்தில் இருக்கணும். இமேஜ்ஜே மென்பொருளில் 0 முதல் 255 வரை எண் கிடைக்கும். அன்று பிறந்த ஈயைப் படமெடுக்காதீங்க. வெளிவந்ததும் வெளுப்பாக இருக்கும், நிறம் ஏறி நிலைக்க நேரமாகும். 5ஆம் நாள் எல்லாவற்றையும் எடுங்க.

இங்கே வெப்பம் முக்கியம். புழு, கூட்டுப்புழுப் பருவத்தில் குளிராக இருந்தால் ஈயின் வயிறு கறுக்கும். சூடாக இருந்தால் வெளுக்கும். 18 டிகிரியில் வளர்ந்ததையும் 29 டிகிரியில் வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும். 30 டிகிரியில் வளர்ந்த ஆண்கள் மலடாகும். காரைக்குடியில் பங்குனி பிறந்தால் அறை வெப்பமே அதைத் தாண்டும். இன்குபேட்டர் கதவை ஒரு மணி நேரம் திறந்து போட்டு வேலை செய்யக் கூடாது.

மின்கம்பி
வெளிச்சப் பெட்டி பற்றி நான் சொல்றேன். ஈ ஆய்வில் பாதித் தோல்வி இங்கேதான் வரும்.

நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, சிஆர்2032 பட்டன் பேட்டரியோடு. கடையில் கிடைக்கும் சுழல் டைமர் மின்சாரம் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் உங்க ஈக்களின் விடியல் இரண்டு மணி நேரம் தள்ளும். எல்இடி பட்டைக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பாதி மட்டும் செலவழித்தாலும் 42 வாட்-மணி கிடைக்கும், 5 வாட் பட்டை எட்டு மணி நேரம் எரியும். கரண்ட் போய் வெளிச்சம் போவதைவிட மோசமானது, இருட்டு நேரத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டதும் அறை விளக்கு எரிவது. விளக்கு அணைந்து மூன்று மணி நேரம் கழித்துப் பத்து நிமிடம் வெளிச்சம் பட்டாலே கடிகாரம் மணிக்கணக்கில் பின்தங்கும். இரவின் கடைசியில் பட்டால் முன்னே ஓடும். பகலில் பத்து நிமிடம் இருட்டானால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

எல்இடியின் டிரைவரைப் பெட்டிக்கு வெளியே வையுங்க. உள்ளே வைத்தால் விளக்கு எரியும் 12 மணி நேரமும் பெட்டி இரண்டு மூன்று டிகிரி சூடாகும். அந்த வெப்ப ஏற்றமே ஈயின் கடிகாரத்தை ஓட்டப் போதும். அப்புறம் வெளிச்சத்தின் விளைவா வெப்பத்தின் விளைவான்னு சொல்ல முடியாது. வெப்பமானியை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பதியும்படி வைத்து, முதல் மூன்று நாள் ஈ இல்லாமல் ஓட்டிப் பாருங்க.

நடமாட்டம் பதிய: 5 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் 5 சதவீதச் சர்க்கரை, 2 சதவீத அகர் ஊற்றி மெழுகால் அடைக்கணும், மறுமுனையில் பஞ்சு. நடுவே 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியும் போட்டோடிரான்சிஸ்டரும். ஈக்கு அந்த ஒளி தெரியாது. வெளிச்சக் கசிவைச் சோதிக்கணும்னா பெட்டியைச் சாத்தி, உள்ளே ஃபோன் கேமராவை வைத்து ஐந்து நிமிடம் வீடியோ எடுங்க. சார்ஜர், ஃபேன், ஆர்டினோ (சிறு கட்டுப்பாட்டுக் கணினி) பலகை எல்லாவற்றிலும் சின்ன விளக்கு இருக்கும், கறுப்பு டேப் ஒட்டணும். இருட்டில் கை வைக்கணும்னா அடர் சிவப்பு விளக்கு. ஈயின் ஒளி வாங்கியான கிரிப்டோக்ரோம் நீல ஒளிக்குத்தான் அசையும்.

ஈக்கூடு
குழாய்க்கு ஓர் ஈதான் போடணும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குழு 1981இல் குகை வௌவால்களில் காட்டியது நினைவிருக்கட்டும்: வெளிச்சமே இல்லாத குகையில் கூண்டில் வைத்த வௌவால், சுற்றிப் பறக்கும் மற்ற வௌவால்களின் நேரத்தைப் பிடித்துக்கொண்டது. கூட்டமாக வைத்தால் யாருடைய தாளம் யாருடையது என்று தெரியாது.

வகைக்கு 32 ஆண் ஈ, ஐந்து நாள் ஒளி-இருள், பிறகு எட்டு நாள் தொடர் இருட்டு. இதை 5 நாள் வயதிலும் 35 நாள் வயதிலும் செய்யுங்க. வயதான ஈயில் தாளம் மழுங்கும். எபோனியில் அது சீக்கிரம் வருதா என்பதுதான் உங்க கேள்வி. கணக்குக்கு ஆக்டோகிராம்ஜே மென்பொருள் இலவசம்.

பள்ளத்தூர் வாசகன்
இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். ராத்திரி விழித்திருந்தால் முகத்தில் மங்கு வரும், தலை நரைக்கும்னு சொல்றாங்களே, இந்த ஆராய்ச்சியெல்லாம் அதைத்தான் சொல்லுதா?

தோல் மருத்துவம் தேவகோட்டை
இல்லை ஐயா. மங்குக்கு முதல் காரணங்கள் வெளிச்சம், ஹார்மோன், குடும்ப வழி. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீலப் பகுதி, நிறமியைத் தூண்டும். மெலனோசைட்டில் உள்ள ஆப்சின்3 புரதம் அதை உணர்கிறது. ஆகவே மங்குக்கு நிறமில்லாத சன்ஸ்கிரீனைவிட இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான தோல் நிறம் உள்ளதே பொருத்தம். பூச வேண்டிய அளவு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். பெரும்பாலோர் பாதிகூடப் பூசுவதில்லை. ஃபோன் திரையின் நீல ஒளி வெயிலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது; அதற்குப் பயப்பட வேண்டாம்.

நேரம் பற்றி நம் ஊர்க் கணக்கு. காரைக்குடியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.15க்கு, மாதத்தைப் பொறுத்து 12 மணியிலிருந்து 12.30 வரை நகரும். சித்திரை பிறந்த சில நாளிலும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அக்னி நட்சத்திரம் அதற்குப் பிறகு மே மாதத்தில் வருகிறது. வெப்பம் உச்சத்தில் இருக்கும் நாளும் புற ஊதா உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றல்ல. ஆவணியில் மழை மேகம் விலகிய நடுப்பகல் வெயிலும் தோலுக்குக் கடுமையானதே. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வரை குடையோ துணியோ தேவை.

இளநரைக்கு பி12, தைராய்டு, இரும்புச்சத்து சோதனை செய்து பாருங்கள். புகை பிடிப்பவர் நிறுத்த வேண்டும். நரை என்பது மயிர்க்காலில் உள்ள மெலனோசைட் தண்டு செல்கள் தீர்ந்துபோவது. எண்ணெய் தடவி அதைத் திருப்ப முடியாது.

செல் அறை
நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2011இல் அசீஸ் சன்கார் குழு சுண்டெலிகளுக்குப் புற ஊதாக் கதிரை அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கொடுத்துப் பார்த்தது. அதே அளவு கதிர். அதிகாலை வாங்கியவற்றில் தோல் கட்டிகள் ஐந்து மடங்கு. டிஎன்ஏவைச் சரிசெய்யும் எக்ஸ்பிஏ புரதம் அந்த நேரத்தில் அடிமட்டத்தில் இருந்தது. சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி, அதன் கடிகார எண்ணை மனிதனுக்கு அப்படியே ஒட்டக் கூடாது. ஆனால் மாதிரி எடுத்த நேரத்தை எழுதாத தோல் ஆய்வு எதையும் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூப்பிலும் இதே கதை. 2022இல் தகஹாஷி குழு சுண்டெலிகளுக்கு 30 சதவீதம் குறைத்த உணவு கொடுத்தது. நாள் முழுக்கப் பரவலாகக் கொடுத்ததில் ஆயுள் 10 சதவீதம் கூடியது. அதே அளவை இரவில் மட்டும் கொடுத்ததில் 35 சதவீதம்.

கதிர், அறிமுகப் பகுதியில் பிமால்1 இல்லாத சுண்டெலி சீக்கிரம் முதிர்கிறது என்ற 2006 ஆய்வை எழுதுவீர்கள். எல்லாரும் எழுதுவார்கள். 2016இல் அதே மரபணுவை வளர்ந்த பிறகு நீக்கியபோது ஆயுள் குறையவில்லை. முதல் ஆய்வில் பார்த்த பாதிப்பில் ஒரு பங்கு கருவளர்ச்சியில் நேர்ந்தது. இரண்டையும் எழுதாமல் ஒன்றை மட்டும் எழுதினால் தேர்வாளர் கேட்பார்.

ஈக்கூடு
அது உங்க ஈக்கும் பொருந்தும். எபோனி பிறவியிலிருந்தே இல்லை. ஆயுள் குறைந்தால் "கடிகாரம் கெட்டதால் முதுமை" என்று எழுத முடியாது. "எபோனி இழப்போடு தாளம் குலைவதும் ஆயுள் குறைவதும் சேர்ந்து வந்தன" என்று எழுதலாம். 2017இல் சுண்டெலித் தோல் தண்டு செல்களில் பார்த்ததும் இதைத்தான் எச்சரிக்குது: வயதானதில் அடிப்படைக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது நேரம் சொல்லி நடத்தும் வேலைகள்தான் மாறிப்போயிருந்தன.

குன்றக்குடி கதிர்
திட்டத்தை மாற்றிவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் கலப்பு, ஜனவரி தொடக்கத்தில் இரண்டாம் தலைமுறை. வகைக்கு ஆண் 120, பெண் 120, ஒரு குப்பிக்கு 20. மொத்தம் 24 குப்பி. வாரத்துக்கு மூன்று தரம் புது உணவு. ஏப்ரல் நடுவில் முடியும். ஏதாவது விட்டுப்போச்சா?

ஈக்கூடு
வாரத்துக்கு 72 குப்பி வருது. ஒன்றுக்கு ஐந்தரை மில்லி என்றால் 400 மில்லி உணவு. அரை லிட்டராகக் காய்ச்சுங்க.

ஒரே நாளில் வெளிவந்தவற்றை மட்டும் எடுத்து, இரண்டு நாள் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்க விட்டுப் பிறகு பிரிங்க. பிரிக்கும்போது பனிக்கட்டி மேல் சில நிமிடம் மட்டும். ஈத்தர் வேண்டாம், அளவு தவறினால் அன்றே சாவு, அது ஆயுள் கணக்கில் ஏறிவிடும். முதல் மூன்று நாளில் செத்தவை கைப்பட்டுச் செத்தவை, கணக்கிலிருந்து நீக்குங்க. பறந்து தப்பியதையும் உணவில் ஒட்டி மூழ்கியதையும் "செத்தது" என்று எழுதாமல், அந்த நாள்வரை உயிரோடு இருந்ததாகத் தணிக்கை செய்து எழுதணும். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று காட்டும் கப்லான்-மையர் வரைபடம் அதை ஏற்றுக்கொள்ளும்.

குப்பிகளை இடம் மாற்றி வையுங்க. விளக்குக்கு நேர் கீழே உள்ள வரிசை எப்போதும் கொஞ்சம் சூடு. எபோனி மேல் தட்டு, மற்றது கீழ்த்தட்டு என்று வைத்தால் ஆயுளில் வரும் வித்தியாசம் தட்டின் வித்தியாசம். குப்பியில் வகை எழுதாதீங்க, எண் போடுங்க. கறுப்பு ஈ கண்ணுக்குத் தெரியும்தான், ஆனாலும் நடமாட்டக் கோப்பைப் பார்ப்பவருக்கு எண் மட்டும் தெரிந்தால் போதும்.

மின்கம்பி
பெட்டியின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்துங்க. வெல்ல உணவுக்கு எறும்பு ஒரே ராத்திரியில் வரிசை கட்டும். தண்ணீர் வைத்தால் பங்குனியில் இரண்டு நாளில் வற்றிவிடும்.

வரிமீன் தொட்டி
மீனில் செய்ய நினைக்காதது நல்லது. ஜீப்ரா மீன் முதுகெலும்பி, நெறிமுறைக் குழு அனுமதிக்கே மாதங்கள் போகும். பின்னால் யாராவது செய்தால்: குஞ்சு மீன் கீழே உள்ள தரையின் நிறத்துக்கேற்ப அரை மணி நேரத்துக்குள் துகள்களைக் குவித்து வெளுக்கும். எல்லாத் தட்டுக்கும் ஒரே நிறத் தாள் விரிக்கணும். நிறமிச் செல்லை எண்ணும் முன் எபிநெஃப்ரின் கொடுத்து எல்லாவற்றிலும் துகள்களைக் குவியச் செய்துவிட்டு எண்ணணும்.

குன்றக்குடி கதிர்
கடைசியாக ஒன்று. படமெடுக்கும் 5ஆம் நாளில் எந்த நேரத்திலும் எடுக்கலாமா? நிறம்தான் நிலைத்துவிட்டதே.

ஈக்கூடு
நிறத்துக்கு எந்த நேரமும் ஒன்றுதான். ஆனால் அதே ஈக்களில் பாதியைப் பின்னால் ஆர்என்ஏவுக்கு உறைய வைக்க நினைத்தால் நேரம் பார்க்கணும். விளக்கு எரிந்து 2 மணி நேரம் கழித்து ஒரு தொகுதி, 14 மணி நேரம் கழித்து ஒரு தொகுதி. இரண்டாவது இருட்டில் வரும். சிவப்பு விளக்கில் எடுத்து உடனே உறைய வையுங்க. குழாயில் தேதியோடு அந்த மணியையும் எழுதுங்க.